பத்தொன்பது இலட்சம் நிரைகளும் ஒரு செக்ரோல் பக்கமும்

கேள்வி:

நான் ஹல்துமுல்லையைச் சேர்ந்தவள். பதுளையில் கணினி டிப்ளோமா முடித்துவிட்டு, எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் அலுவலகத்துக்குச் செக்ரோல் (வருகை, சம்பளப் பதிவேடு) மென்பொருள் எழுதித் தரும் வேலையை ஏற்றிருக்கிறேன். சி ஷார்ப், விண்டோஸ் ஃபோர்ம்ஸ், எஸ்.க்யூ.எல். சேர்வர் எக்ஸ்பிரஸ் ஆகியவற்றில் செய்கிறேன். தொழிலாளர்கள் ஏறக்குறைய 900 பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு நிரை என்று ஏழு வருடக் கணக்கு உள்ளே ஏறிவிட்டது. மொத்தம் 19 இலட்சம் நிரைக்குக் கிட்ட வரும். அதை டேட்டாகிரிட்வியூவில் காட்டப் போனால் திரை வெள்ளையாகி அப்படியே நின்றுவிடுகிறது. சில வேளை நினைவகம் போதவில்லை என்று சொல்லி மூடிக்கொள்கிறது. அலுவலகக் கணினியில் 4 ஜிகாபைட் ரேம்தான் இருக்கிறது. "இதுக்குப் பழைய புத்தகமே மேல் பிள்ளை" என்கிறார் பெரிய கிளாக்கர்.

நூறு நூறாகப் பக்கம் பிரிக்கச் சொல்கிறார் ஒரு நண்பர். காசு கொடுத்து நல்ல கிரிட் வாங்கச் சொல்கிறார் இன்னொருவர். எல்லாவற்றையும் பிரவுசருக்கு மாற்றினால் தீரும் என்கிறார் மூன்றாமவர். இதற்கிடையில் தோட்டத்து மழைமானிக் கணக்கையும் இதிலேயே காட்ட வேண்டும் என்று துரை (தோட்ட முகாமையாளர்) கேட்கிறார். எந்த வழியில் போவது என்று சொல்லுங்கள் ஐயா.

— வாசகி, ஹல்துமுல்லை

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

பெரிய கிளாக்கர் சொன்னதை மனக்குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. மீதிப் பாதி கிரிட்டுக்குள் இருக்கிறது. திரை உறைந்து நிற்பதைத் தீர்க்காமல் வேறெதுவும் பேச முடியாது என்பதால் முதலில் கிரிட்டைப் பார்ப்போம்.

ஒரு நிரைக்கு எத்தனை நிரல் வைத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. தொழிலாளர் இலக்கம், பெயர், டிவிஷன், மலை, வேலை வகை, முழுப்பேரா அரைப்பேரா (முழு நாள் வேலையா, அரை நாளா), ஒவ்வொரு வேளை நிறுவை, கழிவு, மேலதிகக் கிலோ என்று எண்ணிக்கொண்டு போனால் 20க்குக் குறையாது. 19 இலட்சத்தை 20ஆல் பெருக்கினால் 3 கோடியே 80 இலட்சம் கலங்கள். 64-பிட் டொட்நெட்டில் நான்கே எழுத்துள்ள சரத்துக்குக்கூட 32 பைட் தேவை. அது இருக்கும் இடத்தைக் குறித்து வைக்க இன்னும் 8 பைட். கலங்களையெல்லாம் சரமாக வைத்திருந்தால் இந்தக் கணக்கிலேயே ஒன்றரை ஜிகாபைட் போய்விடும். ஒவ்வொரு நிரையாக ரோஸ்.அட் என்று சுற்றில் போட்டு ஏற்றியிருந்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அப்போது ஒவ்வொரு கலமும் தனக்கென்று நிறம், எழுத்துரு, தேர்வு நிலை எல்லாம் சுமக்கும் தனிப் பொருளாகிறது. மென்பொருள் 32-பிட்டாகத் தொகுக்கப்பட்டிருந்தால் பொதுவாக 2 ஜிகாபைட்டுக்கு மேல் அதற்குக் கிடைக்காது. நினைவகம் போதவில்லை என்ற செய்தி அந்த எல்லையில் முட்டும்போது வருகிறது.

இத்தனையும் எதைக் காட்டுவதற்கு? 1366க்கு 768 பிக்சல் திரையில், மேலே பட்டியையும் கீழே விண்டோஸ் பட்டியையும் கழித்தால், கிரிட்டின் வழக்கமான 22 பிக்சல் உயரத்தில் 28 நிரை தெரியும். பக்கவாட்டில் பத்துப் பன்னிரண்டு நிரல். ஆக ஒரு நேரத்தில் மனிதர் கண்ணுக்குத் தெரிவது ஏறத்தாழ முந்நூறு கலம்தான். அந்த முந்நூறுக்காக நாலு கோடிக் கலத்தைச் சுமக்க வைத்திருக்கிறீர்கள். மலைக்குப் போகும் கணக்கப்பிள்ளை ஏழு வருடப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு போவதில்லை, அன்றைய பெயர்களை எழுதிய சிறு புத்தகத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகிறார். கிரிட்டும் அப்படித்தான் வேலை செய்ய வேண்டும்.

அதற்கு நீங்கள் எதையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. 2005இல் டொட்நெட் 2.0 உடன் டேட்டாகிரிட்வியூ வெளிவந்தபோதே வெர்ச்சுவல்மோட் என்ற வசதி அதில் இருந்தது. அதை இயக்கிவிட்டால் கிரிட் தரவைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாது. மொத்தம் எத்தனை நிரை என்பதை மட்டும் ரோகவுண்டில் சொல்லிவிடுங்கள். ஒரு கலத்தை வரைய வேண்டி வரும்போது செல்வேல்யூநீடட் என்ற நிகழ்வை எழுப்பி, "இந்த நிரை, இந்த நிரல், இதற்கு என்ன மதிப்பு?" என்று அது உங்களைக் கேட்கும். நீங்கள் கொடுப்பதை வரைந்துவிட்டு மறந்துவிடும். ஸ்க்ரோல் பட்டை 19 இலட்சத்துக்கு ஏற்றபடி சிறியதாகத் தெரியும். உள்ளே இருப்பதோ சில நூறு நிரைதான்.

ஆனால் கிரிட் கேட்கும் ஒவ்வொரு தடவையும் தரவுத்தளத்துக்கு ஓடக் கூடாது. ஒரு திரைக்கு முந்நூறு கேள்வி ஓடினால் இப்போது இருப்பதைவிட மந்தமாகிவிடும். 200 நிரையை ஒரு கட்டாக எடுத்துக் கையிருப்பில் வையுங்கள். பார்த்துக்கொண்டிருக்கும் கட்டு, அதற்கு முந்தியது, பிந்தியது என்று மூன்று கட்டு போதும். கேட்கும் நிரை கையிருப்பில் இருந்தால் உடனே கொடுங்கள். இல்லையென்றால் கலத்தை வெறுமையாக விட்டு, பின்னணியில் எடுத்து வந்து, வந்ததும் அந்தப் பகுதியை மட்டும் மறுபடி வரையச் சொல்லுங்கள். கிளாக்கர் ஸ்க்ரோல் பட்டையைப் பிடித்து மேலிருந்து கீழே இழுக்கும்போது நடுவில் கடக்கும் ஆயிரக்கணக்கான கட்டுகளையும் தேடி ஓட வேண்டாம். கை நின்று ஒரு நூறு, நூற்றைம்பது மில்லிசெக்கண்ட் கழிந்த பிறகு தேடினால் போதும்.

கணினியிடம் கேட்டுவிட்டு மனிதர் எவ்வளவு நேரம் பொறுப்பார் என்று ரொபர்ட் மில்லர் 1968இலேயே எழுதியிருக்கிறார். 1993இல் யாக்கோப் நீல்சன் அதை மூன்று அளவாகச் சுருக்கிப் பரவலாக்கினார். பத்தில் ஒரு செக்கண்டுக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும். ஒரு செக்கண்டுவரை நினைவோட்டம் அறுபடாது. பத்து செக்கண்டைத் தாண்டினால் கவனம் வேறு வேலைக்குப் போய்விடும். சம்பள நாளன்று ஜன்னலுக்கு வெளியே வரிசை நிற்கும்போது உங்கள் கிளாக்கருக்குப் பத்து செக்கண்ட் கிடையாது.

பக்கம் பிரிக்கச் சொன்ன நண்பரின் வழியில் ஒரு பொறி இருக்கிறது. அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஓஃப்செட் போட்டு நூறு நூறாக எடுத்தால் முதற்பக்கம் மின்னல் வேகத்தில் வரும். பதினையாயிரமாவது பக்கத்துக்குப் போனால் தரவுத்தளம் முதல் 15 இலட்சம் நிரையையும் வாசித்து, எண்ணி, ஒதுக்கிவிட்டு அதற்கடுத்த நூறைத் தரும். சோதித்துப் பார்ப்பவர் முதல் மூன்று பக்கத்தோடு நிறுத்திவிடுவதால் இது அகப்படுவதில்லை. உங்கள் நிலைமைக்கு நான் விரும்பும் வழி வேறு. தேடலும் வரிசையும் முடிவானவுடன், பொருந்தும் நிரைகளின் அடையாள எண்ணை மட்டும் அந்த வரிசைப்படி எடுத்து ஒரு முழுஎண் அணியில் போடுங்கள். எண்ணுக்கு 4 பைட் என்றால் 19 இலட்சத்துக்கும் 8 மெகாபைட்டைத் தொடாது. கிரிட் 15,00,000ஆவது நிரையைக் கேட்டால் அணியில் அந்த இடத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள், அந்த எண்ணும் அடுத்த 199 எண்ணும் உள்ள நிரைகளை முதன்மைச் சாவியால் எடுத்து வாருங்கள். முதல் நிரையும் கடைசி நிரையும் ஒரே வேகத்தில் வரும். இன்னொரு மேசையில் ஒருவர் புதுப் பதிவு போட்டுக்கொண்டிருந்தாலும் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் வரிசை குலையாது.

சிறிய விஷயங்கள் சில. ஓட்டோசைஸ் அமைப்பை எல்லாக் கலங்களுக்கும் என்று விட்டிருந்தால், நிரலின் அகலத்தை முடிவு செய்ய கிரிட் ஒவ்வொரு கலத்தையும் அளந்து பார்க்கும். திரை வெள்ளையாவதற்குப் பல இடங்களில் இது ஒன்றே காரணம். அகலத்தை நீங்களே நிர்ணயித்துவிடுங்கள். தேடல் முடிவு குறையும்போது ரோகவுண்டை 19 இலட்சத்திலிருந்து 30க்கு நேரடியாக இறக்காதீர்கள், முதலில் ரோஸ்.கிளியர், பிறகு 30. இல்லையென்றால் ஒவ்வொன்றாக அகற்றிக்கொண்டிருக்கும். ரோஸ் தொகுப்பில் எண் போட்டு ஒவ்வொரு நிரையாகத் தொட்டுச் சுற்றும் கோட் எங்காவது இருந்தால் எடுத்துவிடுங்கள், தொட்ட நிரையெல்லாம் தனிப் பொருளாகி நினைவகத்தில் உட்கார்ந்துவிடும். தலைப்பைச் சொடுக்கினால் வரிசைப்படுத்தும் வேலை வெர்ச்சுவல்மோடில் கிரிட்டுடையது அல்ல, தரவுத்தளத்துடையது. திகதிக்கும் தொழிலாளர் இலக்கத்துக்கும் சேர்த்து இண்டெக்ஸ் போடாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

சம்பளத்தையும் ஒரு நிரலில் காட்டுவீர்கள் என்று நினைக்கிறேன். அதை வரையும் நேரத்தில் கணக்கிடாதீர்கள். வேகம் ஒரு காரணம், அதைவிடப் பெரிய காரணம் சரியான தொகை. நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய் ஆனது, 2024 செப்டெம்பரில் 1,350 ஆனது. இன்றைய வீதத்தை எடுத்துப் பழைய நிரையைப் பெருக்கிக் காட்டும் மென்பொருள் எல்லாப் பழைய மாதங்களையும் பொய்யாக்கிவிடும். அன்றைய வீதம் அன்றைய நிரையோடு சேமிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தால் உங்கள் கிரிட் உறையாது. 19 இலட்சம் நிரையையும் மேலும் கீழும் உருட்டலாம். பெரிய கிளாக்கர் அப்போதும் புத்தகத்தைத்தான் எடுப்பார். ஏன் என்று இனிப் பார்ப்போம்.

செக்ரோல் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் விரித்து வைத்துப் பாருங்கள். ஒரு மாதம், ஒரு டிவிஷன். இடப்பக்கம் தொழிலாளர் இலக்கமும் பெயரும் மேலிருந்து கீழாக. 1 முதல் 31 வரை திகதி இடமிருந்து வலமாக. ஒவ்வொரு கட்டத்திலும் அன்று பேர் விழுந்ததா, அரைப்பேரா, எத்தனை கிலோ. வலக்கோடியில் அந்த ஆளின் மாதக் கூட்டு. அடியில் அந்த நாளின் கூட்டு. தாளில் வேலை செய்தவர்கள் பல தலைமுறையாகச் செதுக்கிய வடிவம் இது. பெருந்தரவைச் சிறு இடத்தில் காட்டுவது எப்படி என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. ஒரு வாரம் வேலைக்கு வராதவரின் வெறுமை ஒரே பார்வையில் தெரிகிறது. மழையால் எல்லோருக்கும் நிறுவை குறைந்த நாள் மேலிருந்து கீழாகக் கோடு விழுந்தாற்போல் தெரிகிறது. அடியில் உள்ள நாட்கூட்டைக் கொழுந்து மடுவத்து நிறுவையோடும், ஸ்டோருக்கு (தொழிற்சாலைக்கு) போன கொழுந்தோடும் ஒப்பிடலாம். நீங்கள் அந்தக் கட்டங்களைப் பிரித்து, ஆளுக்கு நாளுக்கு ஒரு நிரை என்று நீளமாக அடுக்கிவிட்டீர்கள். தரவுத்தளத்தில் சேமிக்க அதுதான் சரியான வடிவம். கண்ணுக்குக் காட்ட அது சரியான வடிவம் அல்ல.

ஆகையால் மென்பொருளைத் திறந்தவுடன் 19 இலட்சத்தையும் காட்டும் திரையே இருக்கக் கூடாது என்பேன். டிவிஷனையும் மாதத்தையும் கேளுங்கள். 150 பேர் உள்ள டிவிஷன் என்றால் 150 நிரை, 31 நாள், 4,650 கலம். அந்த 4 ஜிகாபைட் கணினி இதைக் கண்மூடித் திறப்பதற்குள் வரைந்துவிடும். இலக்கத்தையும் பெயரையும் இடப்பக்கம் உறையவைத்து, 31ஆம் திகதிக்கு நகர்ந்தாலும் யாருடைய நிரை என்று தெரியும்படி செய்யுங்கள். கட்டத்தைச் சொடுக்கினால் அந்த ஒரு நாளின் முழு விவரமும் கீழே விரியட்டும்: எந்த மலை, வேளைக்கு எத்தனை கிலோ, எவ்வளவு கழிவு.

அந்தக் கழிவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று நிறுவையில் கழிப்பது மலையகத்தில் எவ்வளவு காலமாக மனத்தாங்கலுக்குரிய விஷயம் என்பது உங்களுக்குத் தெரியும். மொத்த நிறுவை, கழிவு, தேறிய நிறுவை என்று மூன்றையும் தனித்தனி நிரலாக வையுங்கள். இடம் போதவில்லை என்று தேறியதை மட்டும் காட்டுவது திரை வடிவமைப்பவர் தன் வசதிக்காகச் செய்யும் காரியம். கொழுந்து பறித்தவருக்கு அந்த மூன்று எண்ணையும் கேட்க உரிமை இருக்கிறது. கேட்டால் காட்டக்கூடியதாக அலுவலகத்தில் ஒரு திரை இருக்க வேண்டும்.

தோட்ட அலுவலகத்தில் வரும் கேள்விகளை நாலு நாள் கூடவே இருந்து எழுதிப் பாருங்கள். நேற்றுப் பிரட்டில் (காலை ஆள்கணக்கெடுப்பில்) எத்தனை பேர்? இன்ன மலையில் இந்த மாதம் எத்தனை கிலோ? ஒருவர் சம்பளத் துண்டோடு வந்து "எனக்கு ரெண்டு பேர் விட்டுப்போயிருக்கு" என்கிறார், அவருடைய அந்த மாதம் எங்கே? இவை ஒவ்வொன்றுக்கும் பதில் முப்பது நிரைக்குள்ளோ இருநூறு நிரைக்குள்ளோ அடங்கும். நீண்ட கேள்வி வருவது ஒரு இடத்தில்தான். ஓய்வு பெறுபவரின் ஊழியர் சேமலாப நிதிக் கணக்கிலோ பணிக்கொடையிலோ தகராறு வரும்போது. சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதமும் தொழில்வழங்குநர் 12 வீதமும் மாதச் சம்பாத்தியத்தின் மேல் செலுத்த வேண்டும். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடம் பூர்த்தியான, மாதச் சம்பளம் அல்லாத தொழிலாளிக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாட்சம்பளம் உரியது. அப்போது அந்த ஒருவரின் ஏழு வருடமும் வேண்டும். அதையும் நாள் நாளாகக் கொட்டாமல் மாதத்துக்கு ஒரு நிரையாகக் காட்டினால் 84 நிரை. சந்தேகமான மாதத்தைச் சொடுக்கினால் அந்த மாதத்து நாட்கள் விரியட்டும்.

கூட்டுத் தொகைகளை எப்போதும் தரவுத்தளத்திடம் கேட்டு வாங்குங்கள். கிரிட்டில் ஏறியிருக்கும் நிரைகளைக் கூட்டாதீர்கள், வெர்ச்சுவல்மோடில் ஏறியிருப்பது மூன்று கட்டு மட்டுமே. திரையின் அடியில் "மொத்தம் 18,90,000 பதிவு, இந்தத் தேடலுக்குப் பொருந்துவது 84" என்று எந்நேரமும் எழுதிக் காட்டுங்கள். ஏதோ ஒரு எல்லைக்கு மேல் காட்டப்போவதில்லை என்றால் அதையும் வெளிப்படையாக எழுதுங்கள். சத்தமில்லாமல் வெட்டும் கிரிட்டைவிட உறைந்து நிற்கும் கிரிட் நல்லது. 2020இல் இங்கிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள். செப்டெம்பர் 25க்கும் ஒக்டோபர் 2க்கும் இடையில் கொரோனா உறுதியான 15,841 பேர் அன்றாட எண்ணிக்கையிலிருந்து விடுபட்டுப் போனார்கள். பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவக் கோப்பில் ஏற்றியிருந்தார்கள். அந்த வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 நிரைதான் கொள்ளும். மேலே வந்தவை விழுந்துவிட்டன. கோப்பு எந்த முறைப்பாடும் செய்யவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடிப்போய் எச்சரிக்கும் வேலையும் அத்தனை நாள் தாமதமாயிற்று. உங்கள் கிளாக்கர் செக்ரோலை எக்செலுக்கு ஏற்றுமதி செய்யக் கேட்பார், கட்டாயம் கேட்பார். புதிய எக்செலிலும் தாளுக்கு எல்லை 10,48,576 நிரை. உங்கள் 19 இலட்சத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் அதில் அடங்கும். வருட வருடமாகப் பிரித்து ஏற்றுங்கள், ஏற்றிய எண்ணிக்கையைத் தரவுத்தள எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கோடையும் எழுதுங்கள்.

பெயர்கள். பழைய கணினிப் பதிவுகள் பாமினி எழுத்துருவில் இருந்திருந்தால் அவை தரவுத்தளத்துக்குத் தமிழே அல்ல, ஆங்கில எழுத்துக் கோவை. முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், நிரலின் வகையும் யூனிகோடு ஏற்பதாக இருக்கட்டும். அதன் பிறகும் வரிசை தானாகச் சரியாக வராது. யூனிகோடு அட்டவணையில் 'ன' எழுத்து 'ந'வுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது, 'ற' எழுத்து 'ர'வுக்கு அடுத்து. எண் வரிசைப்படி அடுக்கினால் கனகம்மா முதலிலும் கமலம் பிறகும் வருவார்கள். தமிழ் நெடுங்கணக்குப்படி கமலம்தான் முன்னால். தரவுத்தளத்தின் ஒப்பீட்டு விதியைத் தமிழுக்கு ஏற்றதாக மாற்றி, இந்த இரண்டு பெயரையும் போட்டுச் சோதியுங்கள். தேடலுக்கோ இலக்கத்தையே முதன்மையாக வையுங்கள். லெட்சுமி, லட்சுமி, இலட்சுமி என்று ஒரே தோட்டத்தில் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். ஒரே எழுத்தில் எழுதிய நான்கு பேரும் இருப்பார்கள்.

விலைக்கு வாங்கும் கிரிட்டைப் பற்றி: டெவ்எக்ஸ்பிரஸ், சின்க்ஃபியூஷன் போன்றவர்களின் கிரிட்டுகள் நல்லவை. சின்க்ஃபியூஷனின் பெரிய பணிக்கூடம் சென்னையில் இருக்கிறது, வருமானம் குறைந்த சிறு நிறுவனங்களுக்கும் தனி ஆட்களுக்கும் இலவச உரிமமும் தருகிறார்கள். குழுவாக்கம், வடிகட்டல் எல்லாம் தயாராகக் கிடைக்கும். ஆனால் பெருந்தரவுக்கு அவர்களும் இதே வழியைத்தான் சொல்வார்கள்: தெரியும் நிரையை மட்டும் கொடு. 19 இலட்சத்தையும் நினைவகத்தில் ஏற்றிவிட்டு எந்தக் கிரிட்டை வைத்தாலும் அந்த இயந்திரம் திணறும். பிரவுசருக்கு மாறினாலும் இதே கதை, கூடவே ஒரு புது எல்லை வரும். ஒரு பெட்டியின் உயரத்துக்குப் பிரவுசர்களில் உச்சவரம்பு உண்டு. குரோமில் சுமார் 3 கோடியே 35 இலட்சம் பிக்சல். 30 பிக்சல் நிரையென்றால் 11 இலட்சத்துக்குச் சற்று மேலே போனதும் ஸ்க்ரோல் நின்றுவிடும். தொடர்பு அடிக்கடி அறுபடும் மலைப்பக்கத்தில், அலுவலகத்துக்குள்ளேயே ஓடும் விண்டோஸ் மென்பொருள்தான் இப்போதைக்கு நல்லது. எக்ஸ்பிரஸ் பதிப்பில் ஒரு தரவுத்தளம் குறைந்தது 10 ஜிகாபைட் வரை வளரலாம், உங்கள் ஏழு வருடம் அதில் ஒரு மூலையில் அடங்கிவிடும்.

மழைமானிக்கு வருகிறேன். இங்கே கிரிட்டை முதன்மையாக வைக்கவே வேண்டாம். பத்து நிமிடத்துக்கு ஒரு அளவு என்று தானியங்கி மானி எழுதினால் வருடத்துக்கு 52,560 நிரை. அதில் ஆபத்து எந்த ஒரு நிரையிலும் இல்லை, நிரைகளின் கூட்டில் இருக்கிறது. மண்சரிவு எச்சரிக்கைக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பொதுவாகக் கொள்ளும் அளவு, 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் அடுத்த நிலை, 150ஐத் தாண்டினாலோ ஒரே மணிநேரத்தில் 75 பெய்தாலோ வெளியேற்றம். இந்த 24 மணிநேரத்தை மழைப் பதிவு நாளாக எடுத்துவிடாதீர்கள். மழைக் கணக்கு வழக்கமாகக் காலை 8.30க்கு முடிக்கப்படும். விடியற்காலை 4.30 முதல் 8.30 வரை 60 மில்லிமீற்றரும், 8.30 முதல் நண்பகல் 12.30 வரை இன்னொரு 60 மில்லிமீற்றரும் பெய்தால், நாட்கணக்கில் இரண்டு நாளும் 75க்குக் கீழேதான் தெரியும். உண்மையில் எட்டு மணிநேரத்தில் 120 பெய்திருக்கிறது. ஆகையால் ஒவ்வொரு அளவு வரும்போதும் அதற்கு முந்திய 24 மணிநேரக் கூட்டைக் கணக்கிட்டு, அந்த ஒரே எண்ணைப் பெரிதாகத் திரையின் மேலே எழுதுங்கள். அதன் கீழே வரைபடம். கிரிட் வேண்டியவர் திறந்து பார்க்கட்டும். உத்தியோகபூர்வ எச்சரிக்கைக்கு இது மாற்றல்ல என்பதையும் அந்தத் திரையிலேயே எழுதிவிடுங்கள்.

மழைமானியைத் துரை கேட்கிறார் என்று படித்ததும் எனக்கு மீரியாபெத்தை நினைவுக்கு வந்தது. உங்கள் ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவுக்குள் கொஸ்லந்தைப் பக்கம் 2014 ஒக்டோபர் 29 காலையில் தொழிலாளர் குடியிருந்த லயங்களை மண் மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பலர் தப்பினார்கள், வீட்டில் இருந்த பெற்றோரை இழந்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் உங்கள் வேலைக்காகச் சொல்கிறேன். காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று பல நாள் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முதலில் நூற்றுக்கணக்கில் சொல்லப்பட்ட எண்ணிக்கை பிறகு இறங்கிக்கொண்டே வந்தது. குடியிருப்போர் பதிவுகள் இருந்த கிராம அலுவலகங்களும் மண்ணுக்குள் போய்விட்டதாக அதிகாரிகள் சொன்னார்கள். எந்த லயத்தில் யார் இருந்தார்கள், அன்று பிரட்டுக்கு யார் வந்தார்கள் என்று எழுதிய புத்தகம் அதே சரிவில் இருந்தால், தேவைப்படும் நாளில் அது கையில் இருக்காது.

நீங்கள் கட்டும் தரவுத்தளம் அந்தப் புத்தகம்தான். தினமும் இரவில் அதன் பிரதியொன்று தோட்டத்துக்கு வெளியே, பண்டாரவளையிலோ பதுளையிலோ கொழும்பிலோ ஓரிடத்துக்குப் போக வேண்டும். எக்ஸ்பிரஸ் பதிப்பில் நேரம் குறித்து வேலை செய்யும் ஏஜென்ட் கிடையாது என்பதால் விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் காப்புப்பிரதிக்கான கட்டளையை எழுதி வையுங்கள். தொடர்பு இல்லாத இரவுகளுக்கு, சம்பளக் கணக்கோடு தலைமை அலுவலகத்துக்குப் போகிறவர் கையில் ஒரு பென்டிரைவ். மாதத்துக்கு ஒரு தடவையாவது அந்தப் பிரதியை வேறொரு கணினியில் ஏற்றித் திறந்து பாருங்கள். அந்தப் பிரதியில் தொழிலாளர்களின் அடையாள அட்டை இலக்கமும் சம்பளமும் இருப்பதால் கடவுச்சொல் போட்டு மறையாக்கம் செய்யாமல் வெளியே அனுப்பாதீர்கள்.

வேலையை எந்த ஒழுங்கில் செய்வது என்று தடுமாறினால், மாதச் செக்ரோல் திரையை முதலில் எழுதுங்கள். இரண்டு மூன்று நாளில் முடியும், கிளாக்கரும் அன்றைக்கே பயன்படுத்தத் தொடங்குவார். வெர்ச்சுவல்மோட் தேடல் திரையை அதன் பிறகு எழுதலாம். சோதிக்கும்போது உங்கள் மடிக்கணினியை நம்ப வேண்டாம். பொய்ப்பதிவுகளை உருவாக்கி 50 இலட்சம் நிரையாக்கி, அலுவலகத்து 4 ஜிகாபைட் கணினியிலேயே, கிளாக்கரை உட்காரவைத்து, சம்பள நாளன்று வரும் கேள்விகளை ஒவ்வொன்றாக அவரிடம் கேளுங்கள். ஒரு செக்கண்டுக்கு மேல் எடுக்கும் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டு வந்து, அந்தக் கேள்விக்கு எந்த இண்டெக்ஸ் பயன்பட்டது என்று எக்ஸிகியூஷன் பிளானில் பாருங்கள். அதிலும் பிடிபடாதது ஏதாவது இருந்தால், அந்தக் கட்டளையையும் அட்டவணை அமைப்பையும் எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.